ஓட்ட ஷூ அதிர்வை எவ்வளவு தாங்குகிறது என்று அளப்பது எப்படி?

அல்சூர்வாசி:
வணக்கம். வார நாட்களில் பெங்களூரின் அல்சூர் ஏரியைச் சுற்றியும் ஞாயிறன்று கப்பன் பூங்காவிலும் ஓடுகிறேன். ஓராண்டாக அணியும் ஷூவின் குதிகால் நுரையில் பக்கவாட்டாகச் சுருக்கங்கள் விழுந்துவிட்டன. கட்டைவிரலால் அழுத்தினால் முன்போல் மீள்வதில்லை. புதியது வாங்கப் போன கடையில், "இது 30 விழுக்காடு கூடுதலாக அதிர்வைத் தாங்கும்" என்றார்கள். எதைவிடக் கூடுதல், எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன்; பதில் இல்லை. வீட்டிலேயே அளக்க வழி உண்டா?

பீன்யா பொறியாளர்:
பொருட்களைச் சோதிப்பதே என் வேலை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிர்ணய அமைப்பின் எஃப்1976 என்ற சோதனை முறைப்படி, தட்டையான அடிப்பாகம் கொண்ட 8.5 கிலோ எடையை 30 முதல் 70 மில்லிமீட்டர் வரையான உயரத்திலிருந்து ஷூவின் மீது விழவிடுவார்கள். உயரம் 60 மில்லிமீட்டர் என்றால் மோதும் ஆற்றல் ஏறக்குறைய 5 ஜூல். எடையில் பொருத்திய முடுக்கமானி (வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று அளக்கும் கருவி), அது எவ்வளவு சடாரென்று நிறுத்தப்பட்டது என்பதைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்காகப் பதிவு செய்யும்; அந்த உச்ச அளவு குறையக் குறைய நுரை நன்றாகத் தாங்குகிறது என்று பொருள். முதல் சில மோதல்களில் நுரை இளகிக்கொடுப்பதால், பலமுறை தட்டிய பிறகு கிடைக்கும் அளவுகளையே கணக்கில் எடுக்க வேண்டும்.

விரலால் அழுத்திப் பார்ப்பது மேற்பரப்பின் மென்மையை மட்டுமே சொல்லும். மென்மையான நுரை மெல்லியதாகவும் இருந்தால், முழுதும் நசுங்கித் தரை தட்டிவிடும். அப்போது உச்சம் ஏறும். போனிலும் முடுக்கமானி உண்டே என்று அதை எடையோடு கட்டிப் போடுவதும் பயன் தராது. மோதல் சில பத்து மில்லிநொடிகளில் முடிந்துவிடும். நொடிக்கு 100 முறை அளக்கும் போனுக்கு இரண்டு மூன்று புள்ளிகளே சிக்கும், உச்சம் நழுவிவிடும்.

ஜெயநகர் பிசியோ:
ஐயா சொன்னது சரி, ஆனால் அந்த எந்திரத்துக்கு முழங்கால் இல்லை. மனிதர் ஓடும்போது தரையின் மென்மைக்கேற்பக் காலின் விறைப்பு தானாகவே மாறுகிறது. 2018-ல் வெளியான ஆய்வொன்றில், மணிக்கு 14.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியபோது, மிகத் தடித்த நுரை கொண்ட ஷூவில்தான் மோதல் விசை கூடுதலாக இருந்தது. மறுபுறம், 2020-ல் லக்சம்பர்க்கிலிருந்து வெளியான, 848 பேர் பங்கேற்ற ஆய்வில், கடினமான ஷூ அணிந்தவர்களுக்குக் காய அபாயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. ஆகவே நுரை முக்கியமே. ஆனால் எந்திரத்தின் எண்ணை உங்கள் காலின் எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அல்சூர்வாசி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் என் பழைய ஷூவையும் அதே வகையில் புதியதொன்றையும் ஒரே எந்திரத்தில் சோதித்தால், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றாவது தெரியுமா?

பீன்யா பொறியாளர்:
தெரியும். இரண்டும் ஒரே அளவு ஷூவாக இருக்கட்டும். ஒரே இடத்தில், ஒரே உயரத்திலிருந்து, ஒரே வெப்பநிலையில் தட்டச் சொல்லுங்கள். டிசம்பர் விடியலின் குளிரில் நுரை இறுகிவிடும்.