பறக்கும் விமானத்தைப் படம் எடுத்தால் விசிறி நின்றுபோய் இருக்கிறது, அவசர உதவி

கிளி ஸ்டூடியோ
வணக்கம். சின்ன விமானம் ஒன்றை இன்னொரு விமானத்தில் இருந்து படம் எடுத்தேன். எல்லாப் படத்திலும் முன்விசிறி அசையாமல் நிற்கிறது. நூலில் கட்டித் தொங்கவிட்ட விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது. சில படங்களில் வானவில் நிறத்தில் பட்டைகளும் விழுந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் ஏறுகிறேன். என்ன செட்டிங் போட வேண்டும்? தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

மாங்குளத்தான்
என்ன விமானம், என்ன லென்ஸ், ஷட்டர் வேகம் எவ்வளவு? கண்ணாடிக்கு உள்ளே இருந்து எடுத்தீர்களா, திறந்துவிட்டா? இது ஒன்றும் தெரியாமல் எப்படி அண்ணை சொல்வது?

முல்லைக் கரை
வானவில் நிறம் என்றால் லென்ஸில் ஃபங்கஸ்தான். மாரிக்குப் பிறகு என்னுடைய லென்ஸுக்கும் வந்தது. டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். கடலோரத்தில் இருக்கிறவர்கள் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டுத்தான் வைக்க வேண்டும்.

பூநாரை
படம் கூர்மையாக இருக்கிறதா? இருந்தால் செட்டிங்கைத் தொடாதீர்கள். வங்காலையில் பூநாரைகள் எழும்பும்போது நான் ஷட்டரை 1/2000 நொடியைவிட மெதுவாக வைப்பதே இல்லை. பறக்கிற எதற்கும் அதுதான்.

படப்பெட்டி
பறவைக்கும் விமானத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் ஆலோசனை சொல்ல வந்துவிடுகிறார்கள். ஸ்டூடியோ வைத்திருக்கிறவர் இதைக் கேட்பது அதைவிட வியப்பு. ஷட்டர் என்பது முதல் பாடம் தம்பி.
சரி, கணக்கைப் பாருங்கள். பயிற்சி விமானத்தின் விசிறி நிமிடத்துக்குச் சுமார் 2400 சுற்று, அதாவது நொடிக்கு 40. 1/2000இல் அது சுமார் 7 பாகைதான் திரும்பும், நின்ற மாதிரித்தான் விழும். 1/125இல் 115 பாகை திரும்பும். 1/60இல் 240 பாகை, இரண்டு அலகு விசிறி என்றால் முழு வட்டமே வந்துவிடும். இனியாவது கமராப் புத்தகத்தை எடுத்து வாசியுங்கள்.

நெடுங்கேணி டீச்சர்
கணக்குச் சரி, அதை மரியாதையாகவும் சொல்லலாம். தம்பி, மாங்குளத்தான் கேட்டவற்றுக்குப் பதில் போடுங்கள்.

கிளி ஸ்டூடியோ
மன்னிக்கவும், கல்யாண வேலை. இரண்டும் செஸ்னா 172. ஒன்றை மச்சான் ஓடுகிறார், மற்றதில் அவருடைய பயிற்றுநர். 70-200 லென்ஸ், ஷட்டர் 1/2000, கண்ணாடி பூட்டித்தான் இருந்தது. பளபளப்பு வராமல் இருக்க லென்ஸில் போலரைசர் ஃபில்டர் போட்டேன். இந்த முறை இரணைமடுவுக்கு மேலே நன்றாகத் தாழ்த்திப் போய், குளம் பின்னால் தெரிய எடுக்க ஆசை.

மாங்குளத்தான்
அப்படிச் சொல்லுங்கள்! ஃபங்கஸும் இல்லை ஒன்றும் இல்லை. விமான ஜன்னல் கண்ணாடி இல்லை, அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக். அதற்குள் இருக்கிற அழுத்தம் போலரைசரில் வானவில்லாகத் தெரியும். கழற்றினால் போய்விடும்.
172இல் ஜன்னல் மேற்பக்கம் கீல் வைத்தது. முழுக்கத் திறக்காமல் பிடிக்கிற தடுப்புக் கையைக் கழற்றிவிட்டால் பறக்கும்போது காற்றே அதை இறக்கைக்குக் கீழே தூக்கிப் பிடித்திருக்கும். சில விமானங்களில் வலது பக்கம் திறக்காது, நிலத்தில் நிற்கும்போதே பாருங்கள். கழற்றுவதும் பூட்டுவதும் அவர்களுடைய மெக்கானிக்கின் வேலை, நீங்கள் கை வைக்க வேண்டாம். லென்ஸ் ஹூட்டைக் கழற்றுங்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போகும். மூடி, தாள் ஒன்றும் மடியில் இருக்கக்கூடாது. முழங்கையைக் கதவில் ஊன்றாதீர்கள், எஞ்சின் அதிர்வு நேரே கமராவுக்குள் ஏறும்.
இன்னொன்று, எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். விசிறி வளைந்து விழும்.

பூநாரை
1/125இல் விமானமே கலங்கிவிடுமே?

நெடுங்கேணி டீச்சர்
இரண்டும் ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. ஒன்றுக்கொன்று அசைவு மிகக் குறைவு. கலங்கினால் அது கை நடுக்கமும் அதிர்வும்தான். 1/250இல் தொடங்கி, கை பழகியதும் 1/125க்கு இறங்குங்கள். தொடர்ந்து நிறைய எடுங்கள், தப்புவது கொஞ்சம்தான்.

விசுவமடு
படத்தை விடுங்கள். தாழ்த்திப் போக வேண்டாம் தம்பி. சின்ன விமானச் சத்தம் கேட்டால் எங்கள் அம்மா இன்றைக்கும் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்ப்பா. கிபிர் போர்விமானமும் வண்டு என்கிற ஆளில்லா வேவு விமானமும் சுற்றின ஊர் இது. பங்கருக்குள் பிள்ளை வளர்த்த சனம்.

பூநாரை
2009ஓடு முடிந்த கதை அது. எங்கள் பெடியள் விமானத்தைப் பார்த்துக் கை காட்டுகிறார்கள், பைலட் ஆக வேண்டும் என்கிறார்கள். எப்போதும் பயத்தையே சொல்லிக்கொண்டு இருந்தால் அவர்கள் எப்போது மேலே ஏறுவது?

விசுவமடு
ஏறட்டும், நானும் கை காட்டுவேன். வீட்டுக் கூரைக்கு மேலால் வேண்டாம் என்கிறேன். முடிந்ததா இல்லையா என்று அம்மாவிடம் வந்து கேளுங்கள்.

படப்பெட்டி
விதியே இருக்கிறது. ஊர்மனைக்கு மேலே 1000 அடி, மற்ற இடங்களில் 500 அடி, அதற்குக் கீழே இறங்கக்கூடாது. இரணைமடுவில் விமானப்படையின் ஓடுபாதை இருக்கிறது, அனுமதி இல்லாமல் அந்தப் பக்கமே போக முடியாது. இதெல்லாம் தெரியாமலா ஏறுகிறீர்கள்?

மாங்குளத்தான்
படத்துக்கும் உயரம்தான் நல்லது. 100 நொட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீற்றர்) வேகத்தில் 1/125 நொடிக்குள் நீங்கள் 40 சென்ரிமீற்றர் முன்னே போய்விடுகிறீர்கள். நிலம் கிட்ட இருந்தால் அவ்வளவும் இழுபட்டு விழும். 2000 அடிக்கு மேலே போனால் குளக்கட்டும் வயலும் அடையாளம் தெரியும். குளம் நிறைந்து வேண்டும் என்றால் மார்கழி, தைதான் காலம். இப்போது கரையெல்லாம் காய்ந்து கிடக்கிறது.

நெடுங்கேணி டீச்சர்
ஏறுவதற்கு முன் எல்லோரும் நிலத்தில் நின்று கதையுங்கள். மச்சான் நேராக, ஒரே வேகத்தில் ஓட வேண்டும். கிட்ட வருவதும் விலகுவதும் மற்ற விமானத்தின் பொறுப்பு. கண்ணில் இருந்து மறைந்தால் யார் எந்தப் பக்கம் விலகுவது என்று முதலே முடிவு வேண்டும். செஸ்னாவுக்கு இறக்கை மேலே, திரும்பும்போது அடுத்த விமானத்தை மறைத்துவிடும். "இன்னும் கிட்ட வா" என்று படம் எடுக்கிறவர் கேட்கவே கூடாது. மச்சான் இப்படிச் சேர்ந்து பறந்து பழகியவரா?

மாங்குளத்தான்
அதுதான் முக்கியமான கேள்வி. தம்பி?

கிளி ஸ்டூடியோ
போய் வந்தேன். பயிற்றுநர் மச்சானை விடவில்லை, வேறு பைலட்தான் ஓடினார். போலரைசர் கழற்றினேன், ஜன்னல் திறந்து 1/125. விசிறி சுற்றுகிறது, பட்டை இல்லை. மன்னார்ப் பக்கம் கடலுக்கு மேலே எடுத்தோம். எல்லோருக்கும் நன்றி, ஆல்பம் வேலை இருக்கிறது.

முல்லைக் கரை
நல்லது. லென்ஸையும் ஒருக்கால் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

விசுவமடு
படத்தைப் போடுங்கள் தம்பி, அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.