சம்ப்பில் சாக்கடை வாடை, ஃபிளாட்டில் யாரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள்

மாம்பலம் கீழ்வீடு:

மேற்கு மாம்பலத்தில் எட்டு வீட்டு ஃபிளாட், கட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். தீபாவளி மழைக்கு அப்புறம் பத்து நாளாகக் காலையில் பாத்ரூம் குழாயைத் திறந்தால் ஒரு வாடை. மழையில் சேம்பர் (சாக்கடைத் தொட்டி) பொங்கினால் தெருவில் அடிக்குமே, அதே வாடை, கொஞ்சம் லேசாக. தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் விழும். வந்த அன்று வாடை தூக்கல், மறுநாள் குறைந்துவிடும்.

போன வாரம் பெரியவளுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார், கேன் தண்ணீர்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பல் தேய்ப்பது எதில், தட்டு கழுவுவது எதில் என்று அடுத்த கேள்வி வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். பிள்ளையார் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னால் ஏழு பேர் கும்பிடுவார்கள், இதற்கு மூன்று நாளாக நீல டிக் மட்டும்தான். செக்ரட்டரி சாரை மாடிப்படியில் மடக்கிக் கேட்டதற்கு, ‘எங்கள் வீட்டில் ஒரு வாடையும் இல்லையே, டிடிஎஸ் பார்த்தேன், 190தான், அருமையான தண்ணீர்’ என்றார். வாடகைக்கு இருப்பவன், அதற்குமேல் பேசினால் வீட்டைக் காலி செய் என்பார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாரிடம் சொல்வது?

கேகே நகர் ரவுண்டானா:

டிடிஎஸ் 190 என்றால் நல்ல தண்ணீர்தானே சார். எங்கள் போர் தண்ணீர் 1400, அதிலேயே குளித்துக்கொண்டிருக்கிறோம். வாடை டேங்க்கில் பாசி பிடித்ததால் இருக்கும், கழுவிவிட்டால் போய்விடும்.

ஓய்வுபெற்ற பைப்புக்காரன்:

மேலே தம்பி சொன்னதை அப்படியே விட்டால் நாலு பேர் நம்பிவிடுவார்கள், அதனால் முதலில் அது. டிடிஎஸ் மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவை. கிருமி அதில் தெரியாது. ஒரு குடம் நல்ல தண்ணீரில் ஒரு டம்ளர் சாக்கடையைக் கலந்துவிட்டு மீட்டரை வைத்தாலும் எண் பெரிதாக நகராது.

உங்கள் ஃபிளாட் மாதிரிக் கட்டடங்களில் நாற்பது வருடம் குழாய் வேலை பார்த்தவன் நான். வாடை வர வழி மூன்றுதான். ஒன்று, தெருவில் போகும் மெயின் லைனிலேயே கலப்பு. இரண்டு, மெயினிலிருந்து உங்கள் காம்பவுண்டுக்குள் வருகிற வீட்டு இணைப்புக் குழாய் ஓட்டை. மூன்று, சம்ப் சுவரில் விரிசல் விழுந்து பக்கத்துச் சேம்பரிலிருந்து கசிவது. பழைய ஃபிளாட்டுகளில் சம்ப்பும் சேம்பரும் சம்பந்தி மாதிரி ஒட்டி உட்கார்ந்திருக்கும், இடம் இல்லாமல் அப்படிக் கட்டிவிட்டார்கள்.

எது என்று பிரித்துப் பார்க்கப் பைசா செலவு கிடையாது. தண்ணீர் திறந்துவிடும் நேரத்துக்கு முன்பே எழுந்து, சம்ப் மூடியைத் திறந்து, உள்ளே வந்து விழுகிற குழாயின் வாயில் பிடியுங்கள். சம்ப்பிலிருந்து மொள்ளாதீர்கள். கண்ணாடி பாட்டில் மூன்று, வெந்நீரில் கழுவியது. வந்தவுடன் ஒன்று, ஐந்து நிமிடம் கழித்து ஒன்று, கால் மணி கழித்து ஒன்று. மூடி போட்டுக் குலுக்கி, திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். முதல் பாட்டில் மட்டும் நாறினால் அநேகமாக உங்கள் இணைப்புக் குழாய்தான், தண்ணீர் வராத நேரத்தில் அழுக்கு உள்ளே இறங்கித் தேங்கி, வந்ததும் அதுதான் முதலில் வெளியே வரும். மூன்றும் நாறினால் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள், அங்கேயும் அப்படியென்றால் மெயின் லைன். மூன்றும் சுத்தம், ஆனால் சம்ப்பில் மட்டும் வாடை என்றால் சம்ப் சுவர். அதற்குச் சம்ப்பைக் கழுவி, பாதி நிரப்பி, வால்வையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு ஒரு ராத்திரி முழுக்க அளவைப் பாருங்கள். மட்டம் ஏறினால் பக்கத்திலிருந்து வருகிறது.

இடையில் ஒரு கேள்வி, மறைக்காமல் சொல்லுங்கள். லைனில் நேராக மோட்டார் வைத்து இழுக்கிறீர்களா?

நங்கநல்லூர் அக்கா:

தம்பி, குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது? கோளாறு கண்டுபிடிக்கும்வரை பல் தேய்ப்பதற்கும் காய்கறி அலசுவதற்கும்கூடக் கொதித்து ஆறிய தண்ணீர்தான். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும், சுட்டால் போதும் என்று இறக்கிவிடாதீர்கள். மறுபடி போக்கு வந்தால் ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

சம்ப் கழுவுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், இங்கே நாங்கள் பட்டிருக்கிறோம். ஆளை இறக்கும் முன் தண்ணீரை இறைத்துவிட்டு மூடியை ஒரு ராத்திரியாவது திறந்து போடுங்கள், மேலே கம்பித்தட்டி வைத்து, குழந்தைகள் ஓடும் இடம். சாக்கடை கசிகிற சம்ப்பில் விஷவாயு நிற்கும், இறங்கியவர் மயங்கி, தூக்கப் போனவரும் மயங்கி என்று பேப்பரில் எத்தனை படித்திருக்கிறோம். தனியாக ஒருவரை இறக்கவே கூடாது. அப்புறம் ஆசிட் போட்டுத் தேய்த்துவிட்டு அதன்மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவார்கள், இரண்டும் சேர்ந்தால் வருகிற புகை நெஞ்சை அடைக்கும். ஏதாவது ஒன்று போதும்.

கழுவி நிரப்பிய பிறகு கிருமி சாக பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 3 கிராம் கணக்கு. உங்கள் சம்ப் 12,000 லிட்டர் என்றால் 36 கிராம், தராசில் நிறுத்துப் போடுங்கள், கைப்பிடிக் கணக்கு வேண்டாம். பக்கெட் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல்தெளிவை மட்டும் சம்ப்பில் ஊற்றி, அரைமணி விட்டு மோட்டார் போடுங்கள். பவுடர் கட்டிதட்டி வாசனை போயிருந்தால் அது வெறும் சுண்ணாம்பு.

மாம்பலம் கீழ்வீடு:

நன்றி அக்கா, மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

பைப்புக்காரர் ஐயா, இன்று அதிகாலை நாலேகாலுக்கு மூன்று ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உட்கார்ந்தேன். முதல் பாட்டில் டீ கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது, அடியில் கறுப்பாக மண் மாதிரி ஏதோ. திறந்து முகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஐந்து நிமிடத்து பாட்டிலில் லேசாக. கால் மணி பாட்டில் சுத்தம், கொஞ்சம் குளோரின் வாசனைகூட இருந்தது. பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன், அவர்கள் மெட்ரோ லைன் அடிபம்பில் ஒரு வாடையும் இல்லையாம்.

மூன்று பாட்டிலையும் பெயர் ஒட்டி மாடிப்படித் திருப்பத்தில் வரிசையாக வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் 43 மெசேஜ்.

மோட்டார் விஷயம்: ஆமாம், இருக்கிறது. 2019 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது அப்போதைய செக்ரட்டரி போட்டதாம், லைனிலேயே அரை ஹெச்பி. அதற்கப்புறம் யாரும் கழற்றவில்லை. தண்ணீர் வந்ததும் வாட்ச்மேன் ஸ்விட்சைப் போட்டுவிடுவார்.

ஓய்வுபெற்ற பைப்புக்காரன்:

நினைத்தேன்.

மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து உறிஞ்சல் ஆகிவிடும். சாதாரணமாக ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். உறிஞ்சல் வந்தால் வெளியே இருப்பது உள்ளே வரும். ஓட்டையைச் சுற்றி என்ன ஈரம் நிற்கிறதோ அதைத்தான் நீங்கள் காசு கொடுத்து கரண்ட் போட்டுக் குடிக்கிறீர்கள். மழைக்காலத்தில் மண் முழுக்க ஊறி, சாக்கடையும் நிரம்பி நிற்கும், அதனால்தான் தீபாவளிக்கு அப்புறம் ஆரம்பித்தது. லைனில் மோட்டார் வைப்பது அனுமதியும் இல்லாதது, பார்த்தால் பறிமுதல்தான்.

முதலில் அந்த ஸ்விட்சுக்குப் போகிற ஃப்யூஸைப் பிடுங்குங்கள். பிறகு குடிநீர் வாரியத்தின் 1916க்கு அடித்துத் தண்ணீரில் கழிவுநீர் வாடை என்று புகார் பதியுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்து குளோரின் பார்ப்பார்கள், மருந்து விட்டால் மஞ்சளாக மாறும். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் மஞ்சள், உங்கள் வீட்டில் வெள்ளை என்றால் அதற்குமேல் சாட்சி வேண்டாம், அழுக்கு குளோரினைத் தின்றுவிட்டது.

அசோக் நகர் நாலாவது மாடி:

ஐயா சொல்வது புத்தகத்துக்குச் சரி. எங்கள் தெருவில் எல்லாரும் மோட்டார் போடுகிறார்கள். நாங்கள் மட்டும் யோக்கியமாகக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் சம்ப்பில் முழங்கால் தண்ணீர்கூட வராது, லாரிக்குக் காசு யார் கொடுப்பது?

ஓய்வுபெற்ற பைப்புக்காரன்:

தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது, நானும் இதே ஊரில்தான் தண்ணீர் பிடிக்கிறேன். உங்கள் சம்ப்புக்கு வரும் குழாயின் வாய் தரையிலிருந்து எத்தனை அடி கீழே என்று பாருங்கள். அநேகப் பழைய சம்ப்புகளில் சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியும்கூட, குழாயை மட்டும் அழகு பார்க்கத் தரைமட்டத்துக்கு ஏற்றிக் கட்டியிருப்பார்கள். அதை இரண்டு மூன்று அடி இறக்கினால் குறைந்த அழுத்தத்திலும் தானாக வந்து விழும். உள்குழாயில் துரு அடைத்திருந்தாலும் வராது, அதையும் பாருங்கள். தெரு முழுக்க இழுக்கிறார்கள் என்றால் பகுதி அலுவலகத்தில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும், நாலு பேராகப் போய்ச் சொல்லுங்கள்.

நங்கநல்லூர் அக்கா:

நாலு பேர் போனால் அந்த நாலு பேர் வீட்டிலும் மோட்டார் இருக்கும், அதுதான் வேடிக்கை.

மாம்பலம் கீழ்வீடு:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கேட்டுவிட்டுக் காணாமல் போகிற ஆட்களில் ஒருவனாக வேண்டாம் என்று.

புகாருக்கு வந்து பார்த்தார்கள். பக்கத்து அடிபம்பில் நல்ல மஞ்சள், எங்கள் குழாயில் நிறமே இல்லை. மெயின் சரி, உங்கள் காம்பவுண்டுக்குள்தான் என்றார்கள். பிறகு சொந்தச் செலவில் பிளம்பர் வைத்து கேட்டிலிருந்து சம்ப்வரை தோண்டினோம். செடி வைத்திருந்த இடத்துக்குக் கீழே, இரண்டடி ஆழத்தில், எங்கள் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் சேம்பரை ஒட்டி வளைந்து போகவில்லை ஐயா, சேம்பருக்குள் புகுந்து வெளியே போகிறது! கட்டும்போதே யாரோ குறுக்கு வழியில் விட்டிருக்கிறார்கள். பிளம்பர் சேம்பர் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். பைப் தோல் உரிந்து செதில் செதிலாக, நடுவில் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி ஓட்டை, ஓட்டை வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் கவர் உள்பக்கமாக உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. செக்ரட்டரி சார் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் அவர் வீட்டிலும் ஒரு கேன் தண்ணீர் இறங்கியது.

இப்போது சேம்பரைச் சுற்றி எட்ட வைத்துப் புது ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் பைப் போட்டாயிற்று. குழாய் வாயை இரண்டரை அடி இறக்கியிருக்கிறோம், மோட்டார் கழற்றியாகிவிட்டது. முன்பு ஒரு மணி நேரத்தில் நிரம்பியது இப்போது இரண்டரை மணி நேரம் ஆகிறது, ஆனால் நிரம்புகிறது. அக்கா சொன்னபடி சம்ப்பையும் மேல்டேங்க்கையும் கழுவி 36 கிராம் நிறுத்துப் போட்டேன், நகைக்கடைத் தராசு வைத்திருக்கும் இரண்டாவது மாடி மாமாதான் நிறுத்துக் கொடுத்தார். வாடை சுத்தமாக இல்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு சாம்பிள் கொடுத்திருக்கிறோம், முடிவு வரும்வரை கொதிக்கவைப்பதை நிறுத்தவில்லை.

செலவை எட்டாகப் பிரித்ததில் எங்கள் பங்கை வீட்டு ஓனர் வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், காலி செய்யச் சொல்லவில்லை. இப்போதைய சண்டை வேறு. கழற்றிய மோட்டாரையும் பழைய பைப்பையும் எடைக்குப் போட்டதில் 1,150 ரூபாய் வந்தது, அதை எட்டாகப் பிரிப்பதா, மோட்டார் வாங்கியபோது காசு கொடுத்த ஐந்து வீட்டுக்கு மட்டுமா என்று குழுவில் நேற்று ராத்திரி பதினொன்றரை வரை ஓடியது.

கேகே நகர் ரவுண்டானா:

சார், எங்கள் சேம்பர் மூடியை இன்று திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு பைப் குறுக்கே போகிறது. பைப்புக்காரர் ஐயா, உங்களுக்குத் தனியாக மெசேஜ் போட்டிருக்கிறேன், பாருங்கள்.