டிக்கிக் கதவின் வைப்பரும் வாஷரும் அடுத்தடுத்து நின்றுபோயின: மோட்டார் வாங்குவதற்கு முன் எதைப் பார்ப்பது?

ஆழியாற்றுச்சாலை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பொள்ளாச்சியில் வசிக்கிறேன். வேலை காரணமாக மாதத்தில் இரண்டு, மூன்று முறை வால்பாறைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் மூடுபனியும் தூறலும் சேர்ந்து டிக்கிக் கண்ணாடியை மறைத்துவிடுவதால், பலரும் அலங்காரமாக நினைக்கும் பின்பக்க வைப்பர் எனக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது. 11 ஆண்டுப் பழைய என் ஹாட்ச்பேக் காரில் சென்ற மாதம் அது கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டது. சில நாள்களில், கண்ணாடியைக் கழுவ வாஷர் பீய்ச்சும் தண்ணீரும் நின்றது. விசையை அழுத்தினால் பானெட்டுக்குள் பம்ப் ஓடும் ஓசை கேட்கிறது. கண்ணாடியில் ஒரு சொட்டுகூட விழவில்லை. நேற்று டிக்கியில் அரிசி மூட்டையை ஏற்றும்போதுதான், மேற்கூரைத் துணியின் பின் ஓரம் ஈரமாக இருப்பது கையில் தட்டுப்பட்டது.

பட்டறையில் காட்டினேன். எதையும் கழற்றிப் பார்க்காமலேயே மோட்டாரை மாற்ற வேண்டும் என்றார்கள். ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. என்னிடம் ஸ்பானர் செட்டும் மல்டிமீட்டரும் உள்ளன. நானே சோதித்துப் பார்க்க வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஸ்பானர் (பதில்):

நண்பரே, மேற்கூரைத் துணி ஈரமாக இருப்பதை நீங்கள் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். நான் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். வாஷர் விசையை இனி அழுத்தாதீர்கள், ஏனென்றால் பம்ப் அனுப்பும் தண்ணீர் முழுவதும் காருக்குள்தான் கொட்டிக்கொண்டிருக்கிறது.

டிக்கிக் கதவைத் திறந்து மேலே கீல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். கார் உடலுக்கும் கதவுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு கருப்பு ரப்பர் குழல் இருக்கும். வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, கதவுப் பூட்டு ஆகியவற்றின் வயர்கள் அதன் வழியாகத்தான் கதவுக்குள் போகின்றன. பெரும்பாலான கார்களில் வாஷர் டியூபும் அந்த வழியிலோ, அதையொட்டியோதான் செல்லும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் இவை மடங்கி நிமிர்வதால், பத்து ஆண்டுகளில் வயரின் பிளாஸ்டிக் உறை வெடித்து, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடும். இரண்டு கோளாறுகள் அடுத்தடுத்து வந்திருப்பதால், மோட்டாரைவிட இந்த இடத்தின் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

சாவியைத் திருப்பி வைப்பர் விசையைப் போட்டுவிட்டு, இன்னொருவரைக் கதவை மெல்ல ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் வைப்பர் துள்ளினாலோ, மோட்டாரில் ஓசை கேட்டாலோ வயர் அறுந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். சில கார்களில் கதவு திறந்திருந்தால் வைப்பர் ஓடாதபடி அமைத்திருப்பார்கள். அப்படியானால் குழலின் முனையை உருவி, வயர்களை நேரில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆழியாற்றுச்சாலை:

மிக்க நன்றி ஐயா. கதவைப் பாதி உயர்த்தியபோது வைப்பர் ஒரு விரற்கடை அளவு அசைந்து நின்றது. ரப்பர் குழலை உருவிப் பார்த்தேன். ஒரு வயர் முழுவதுமாக அறுந்திருந்தது. இன்னொன்று இரண்டு மூன்று இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. வாஷர் டியூபின் இணைப்பும் கழன்று, அதன் வாயில் பச்சையாகப் பாசி படிந்திருந்தது. ஆனால் குழப்பம் என்னவென்றால், தொங்கிக்கொண்டிருக்கும் வயரில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. அதை அப்படியே டேப் சுற்றி விட்டுவிடலாமா?

கம்பிவேலை (பதில்):

விட்டுவிடக் கூடாது. மல்டிமீட்டர் இழுப்பது மிக மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால், ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். மோட்டார் ஆம்பியர் கணக்கில் இழுக்கத் தொடங்கியதும் அந்த இழையால் தாங்க முடியாமல் வோல்ட் விழுந்துவிடும். இத்தகைய இடங்களில் மீட்டருக்குப் பதிலாக 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இரண்டு வயரில் கட்டிச் சோதிப்பதே என் வழக்கம். பல்பு மங்கலாக எரிந்தால் வயர் போய்விட்டது என்று பொருள்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அறுந்த இடத்திலேயே முறுக்கி ஒட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. சால்டரிங் செய்த இடம் விறைப்பாகிவிடுவதால், அது மடிப்புக்குள் இருந்தால் ஈயம் முடியும் இடத்தில் ஆறு மாதத்தில் மறுபடியும் அறும். எனவே குழலுக்கு இரண்டு பக்கமும் பழைய வயரை வெட்டி, நடுவில் மெல்லிய இழைகள் நிறைந்த, நன்றாக வளையக்கூடிய புதிய வயரைப் பழையதற்குக் குறையாத தடிமனில் கொடுத்து, ஒட்டுகள் ஒன்று கதவுக்குள்ளும் மற்றொன்று மேற்கூரைக்குள்ளும் அமையும்படி செய்யுங்கள். ஒட்டுவதற்கு முன்பே, சூடு பட்டால் சுருங்கி ஒட்டை மூடிக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் டியூபை வயரில் கோத்துவிடுங்கள். அதை மறந்துவிட்டு ஒட்டிய பிறகு பிரித்தவர்களில் நானும் ஒருவன். எல்லா ஒட்டுகளும் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக இருந்தால் குழலுக்குள் எளிதாக நுழையும். ரப்பரில் சற்றுச் சோப்புத் தண்ணீர் தடவினால் முனை தானாகவே பள்ளத்தில் உட்காரும்.

வாஷர் டியூபின் பழைய முனையை ஓர் அங்குலம் வெட்டிவிட்டு, புதிய இணைப்பானைப் பொருத்துங்கள்.

ஆழியாற்றுச்சாலை:

வயர் வேலை முடிந்தது. நம்பர் பிளேட் விளக்கு முன்பைவிடப் பிரகாசமாக எரிகிறது. ஆனால் வைப்பர் விசையைப் போட்டால் மோட்டார் "ம்ம்ம்" என்று முனகுகிறதே தவிர, வைப்பர் கை அசையவில்லை. இப்போது பட்டறைக்காரர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டதா?

பழைய ஸ்பானர்:

இல்லை. முனகுகிறது என்றால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. உடனே விசையை அணைத்துவிடுங்கள். சுழலாத மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் சுருள் கருகிவிடும்.

வைப்பர் கையைத் திருப்புவதற்காகக் கதவிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட் என்ற தண்டு, அலுமினியக் கூட்டுக்குள் சுழல்கிறது. வெளிப்பக்க ரப்பர் வளையம் காய்ந்துபோனால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, பழைய கிரீஸ் களிபோல இறுகி, துருவும் அலுமினியப் பொடியும் சேர்ந்து ஷாஃப்டைக் கவ்விக்கொள்ளும். உங்களுடையது நடுக்கண்ணாடியில் நின்ற நாளிலேயே இது தொடங்கியிருக்க வேண்டும்.

வைப்பர் கையின் அடியில் உள்ள மூடியைத் தூக்கினால் நட் தெரியும். அதைக் கழற்றுவதற்கு முன், சரியாக ஓடிய காலத்தில் கை ஓய்வெடுத்த இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். நட் வந்த பிறகும் கை வராது. பல் வெட்டில் இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊற வைத்து, இறுகியதைப் பிடித்து இழுக்கும் புல்லர் என்ற கருவியில் சிறியதைக் கொண்டு இழுங்கள். சுத்தியலை எடுக்க வேண்டாம், கண்ணாடி அருகிலேயே இருக்கிறது. பிறகு மோட்டாரை வெளியே எடுத்து, ஷாஃப்டின் பூட்டு வளையத்தை நீக்கி, ஷாஃப்டை உருவி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, புதிய ரப்பர் வளையமும் கிரீஸும் இட்டுப் பூட்டுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் பற்கள் தேய்ந்திருந்தால் மட்டும் புதிய மோட்டாரைப் பற்றி யோசிக்கலாம்.

உப்புநீர் (பதில்):

ஒரு சிறு செய்தி. டியூபைச் சரிசெய்ததும் தண்ணீர் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். போர்வெல் தண்ணீரை ஊற்றியிருந்தால், கண்ணாடியில் தண்ணீரைப் பீய்ச்சும் நாசிலின் துளையில் உப்பு அடைத்திருக்கும். மெல்லிய ஊசியால் குத்திவிட்டு, நாசிலைக் கழற்றி வினிகரில் ஊற வையுங்கள். ஷாஃப்டின் நடுவழியாகவே தண்ணீர் வரும் வகைக் காராக இருந்தால், அந்த இணைப்பு கசிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அங்கே கசிந்தால் தண்ணீர் நேராக மோட்டாருக்குள் இறங்கும்.

ஆழியாற்றுச்சாலை:

எல்லாம் முடிந்தது. எண்ணெயில் இரண்டு இரவுகள் ஊறிய பிறகுதான் கை வந்தது. ஷாஃப்டில் காப்பித்தூள்போல் துரு உதிர்ந்தது. பற்கள் நன்றாக இருந்தன. முதல்முறை பூட்டியபோது கை கண்ணாடியின் ஓர ரப்பரில் மோதியது. மோட்டாரைக் கை இல்லாமல் ஒருமுறை ஓடவிட்டு, அது தன் ஓய்வு நிலைக்கு வந்து நின்ற பிறகு, டேப் குறிக்கு நேராகக் கையை மாட்டியதும் சரியாகிவிட்டது. நாசிலில் ஊசி விட்டபோது வெள்ளைக் கட்டி ஒன்று தெறித்து விழுந்தது. அடுத்த அழுத்தத்தில் தண்ணீர் என் சட்டையில்தான் பாய்ந்தது. கதவின் உட்பலகையில் மூன்று கிளிப்புகள் உடைந்துவிட்டன. நாளை அவற்றை மட்டும் வாங்க வேண்டும்.