பில்டர் தட்டைச் சிவக்கச் சுடணுமாம்! யார் கிளப்பிவிட்டது இதை?

உப்புத்தண்ணி (காலை 7.40)
பக்கத்துத் திரியில் ஒருத்தர் எழுதியிருக்கார்: "காபி பில்டர் அடைச்சுக்கிட்டா மேல் பாத்திரத்தை கேஸ் அடுப்பில் வச்சு ஓட்டைத் தட்டு சிவக்கிற வரை சுடுங்க. அப்படியே பச்சைத் தண்ணியில போடுங்க. புதுசு மாதிரி ஆயிடும்." கீழே வரிசையா "அருமை, அருமை"ன்னு பாராட்டு வேற. படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது.

எவர்சில்வர் கண்ணுக்குச் சிவப்பாத் தெரியணும்னா 525 டிகிரி செல்சியஸ் தாண்டணும். துரு பிடிக்காம அதைக் காப்பாத்துறது மேலே இருக்கிற மெல்லிசான குரோமியம் ஆக்சைடு படலம். அவ்வளவு சூட்டில் அந்தப் படலம் தடிச்சு முதல்ல வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, கடைசியா நீலம்னு மாறும். அதுக்கு அடியில குரோமியம் குறைஞ்ச உலோகம்தான் மிஞ்சும். துரு அங்கதான் முதல்ல பிடிக்கும், அதுவும் ஓட்டை விளிம்பில். செக்கச் சிவந்த தட்டைத் தண்ணியில போட்டா அது நெளியும். நெளிஞ்ச தட்டுல டிகாக்‌ஷன் ஒரு பக்கமாத் தேங்கி நிக்கும், பொடி ஒரே சீரா நனையாது.

இவ்வளவும் செஞ்ச பிறகு அடைப்பு போகுதா? பாதிதான். காபி எண்ணெயும் பொடியும் எரியும். போர் தண்ணி விட்டுப்போன சுண்ணாம்பு எரியாது. அது கால்சியம் கார்பனேட், சிதையணும்னா 800 டிகிரிக்கு மேல வேணும். வீட்டு அடுப்புல அந்தத் தட்டு அவ்வளவு தூரம் போகாது.

காவேரிக்கரை (காலை 8.15)
எழுதினது நான்தான். "ஒருத்தர்"னு மறைச்சு எழுதுறதுக்கு நேராப் பேரைச் சொல்லியிருக்கலாமே சார்.

தட்டு சிவக்கணும். மறுபடியும் சொல்றேன், சிவக்கணும். சும்மா சூடு காட்டினா எண்ணெய் உருகி இன்னும் உள்ள போய் அப்பிக்கும், தார் மாதிரி. சிவந்தாத்தான் அது சாம்பலாகும். ஆறினதும் கவிழ்த்து நாலு தட்டு தட்டினா கொட்டிடும். எங்க பக்கத்துல பில்டரை நெருப்புல காட்டாத வீடே கிடையாது. அவங்க பில்டர் எல்லாம் துருப் பிடிச்சா போச்சு?

டபராசெட் (காலை 8.31)
இதுக்குப் போய் ஏன் நெருப்பு? ஊக்கு எடுத்து ஒவ்வொரு ஓட்டையாக் குத்தினா வேலை முடிஞ்சுது.

உப்புத்தண்ணி (காலை 8.50)
டபராசெட் மாமி, ஊக்கு வேண்டவே வேண்டாம். ஓட்டை பெரிசாகும், மறுபக்கம் பிசிறு எழும்பும், பொடி அந்தப் பிசிறுல சிக்கும். அப்புறம் டபரா அடியில வண்டல் வண்டலாத் தங்குதுன்னு பொடிக்கடைக்காரரைத் திட்டுவோம்.

காவேரிக்கரை சார், "எங்க பக்கத்துல"ங்கிறது ஆதாரம் ஆகாது. போன மாசம் ஆட்டுக்கல்லா கிரைண்டரான்னு நடந்த சண்டையிலயும் இதையேதான் சொன்னீங்க. செய்ய வேண்டியதை எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

அன்னன்னிக்கு: டிகாக்‌ஷன் இறங்கினதும் சக்கையைத் தட்டிட்டு, காயறதுக்கு முன்னாடியே மேல் பாத்திரத்தைக் கவிழ்த்துக் குழாயடியில பிடிக்கணும். தண்ணி தட்டோட வெளிப்பக்கத்துலேர்ந்து உள்ளே பாயணும். உள்ளேர்ந்து ஊத்தினா துகள் ஓட்டைக்குள்ள இன்னும் இறுகும். குடை மாதிரி இருக்கே அந்த அமுக்கி, அதுக்கும் இதே கவனிப்பு வேணும். அதோட ஓட்டையை யாருமே பார்க்கிறதில்லை.

மாசம் ஒரு தடவை: ஒரு லிட்டர் தண்ணியில ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா போட்டு மேல் பாத்திரம், அமுக்கி ரெண்டையும் 15 நிமிஷம் கொதிக்க விடுங்க. தண்ணி டீ நிறத்துக்கு வரும். அதுதான் நீங்க நெருப்பு வச்சுக் கொளுத்துற எண்ணெய். ஆறினதும் பழைய பல் பிரஷ்ஷால ரெண்டு பக்கமும் தேய்ச்சுக் கழுவுங்க. அதுக்கப்புறம், கவனிங்க, அதுக்கு அப்புறம்தான், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைச்சு அரை மணி ஊறப்போடணும். சுண்ணாம்பு கரைஞ்சிடும். வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சா எல்லா ஓட்டையும் தெரியணும். தெரியலைன்னா ஆசிட்டை இன்னொரு அரை மணி. எங்கயும் தட்டு சிவக்கலை.

டபராசெட் (காலை 9.05)
ரெண்டு தடவை எதுக்கு? சமையல் சோடாவும் வினிகரும் ஒண்ணாப் போட்டா நல்லாப் பொங்கி அழுக்கைத் தூக்கிட்டு வந்துடுமே.

உப்புத்தண்ணி (காலை 9.12)
பொங்குறது கார்பன் டை ஆக்சைடு. பொங்கி அடங்கினதும் மிச்சம் இருக்கிறது உப்புத் தண்ணி மாதிரி ஒண்ணு, சோடியம் அசிடேட். காரத்தை அமிலம் தின்னுடுத்து, அமிலத்தைக் காரம் தின்னுடுத்து. எண்ணெயும் போகலை, சுண்ணாம்பும் போகலை. அதனாலதான் முதல்ல ஒண்ணு, கழுவிட்டு இன்னொண்ணு.

ஈயச்சொம்பு (காலை 10.20)
எல்லாரும் எவர்சில்வரையே பேசிண்டிருக்கேள். கும்பகோணம் பித்தளை பில்டர் வச்சிருக்கறவா இதைப் படிச்சுட்டு அடுப்புல வச்சா என்ன ஆகும்னு யோசிச்சேளா? உள்ளே பூசியிருக்கிற ஈயம் 232 டிகிரியிலேயே உருகிடும். சிவக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே உருகி ஓடி ஓட்டையை அடைச்சுடும். அடைப்பு எடுக்கப் போய் நிரந்தர அடைப்பு. அப்புறம் ஈயம் பூசுறவரைத் தேடணும். நவச்சாரம் போட்டுத் தேய்ச்சு மறுபடி பூசினாத்தான் உண்டு.

புதுக்குடித்தனம் (காலை 10.34)
ஈயம் விஷம் இல்லையா? அதுல காபி குடிக்கலாமா?

ஈயச்சொம்பு (காலை 10.41)
விஷம்ங்கிறது காரீயம் (lead). பூசுறது வெள்ளீயம் (tin). ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான். காரீயம் கலப்படம் பண்ணிப் பூசுறவாளும் இருக்கா, அதனால தெரிஞ்ச ஆள்கிட்டதான் கொடுக்கணும். வெள்ளீயத் தகட்டை வளைச்சா கீச்சுனு சத்தம் வரும், காரீயம் கத்தாது.

காவேரிக்கரை (காலை 11.02)
நான் பித்தளைன்னு எழுதவே இல்லை. எவர்சில்வருக்குத்தான் சொன்னேன். அதுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லலை. குரோமியம் போயிடும், கார்பனோட சேர்ந்து கார்பைடு ஆயிடும்னு பயமுறுத்துறவங்களுக்கு: கார்பைடு விளைய அந்தச் சூட்டுல நிமிஷக் கணக்குல கிடக்கணும். நான் சொல்றது சிவந்த உடனே எடுக்கிறது. மெல்லிசுத் தட்டு, அரை நிமிஷம்கூட ஆகாது. சிவக்கணும், எடுக்கணும். அவ்வளவுதான்.

உப்புத்தண்ணி (காலை 11.25)
கார்பைடுங்கிற வார்த்தை என் பதிவுல எங்கே இருக்கு? தேடிப் பாருங்க. இல்லாததுக்குப் பதில் சொல்லி ஜெயிச்சுட்டதா நினைக்கிறீங்க. நான் சொன்னது ஆக்சைடு நிறம். அதுக்கு நிமிஷக் கணக்கு வேண்டாம், சிவந்த தட்டை எடுக்கிறதுக்குள்ள வந்திருக்கும். நீல வளையம் விழுந்த பில்டர் இருந்தா அதைச் சிட்ரிக் ஆசிட்ல போட்டுப் பாருங்க, நீலம் லேசுல போகாது.

இன்னொண்ணு. கடையில விக்கிற பாத்திரம் எல்லாம் 304ங்கிற உசந்த ரக எவர்சில்வர் கிடையாது. விலை குறைஞ்சது பெரும்பாலும் 202 ரகம். அதுல நிக்கல் 4லேர்ந்து 6 சதவீதம்தான், மாங்கனீசு போட்டு ஈடுகட்டியிருப்பாங்க. துருவைத் தாங்குற சக்தி குறைச்சல். அதைச் சிவக்க வைக்கிறது சரியா?

கள்ளிச்சொட்டு (காலை 11.40)
காந்தம் வச்சுப் பார்த்தாத் தெரிஞ்சிடும். ஒட்டலைன்னா 304.

உப்புத்தண்ணி (காலை 11.44)
தெரியாது. 202லயும் காந்தம் ஒட்டாது. தெரியாம எழுதாதீங்க.

கள்ளிச்சொட்டு (காலை 11.52)
சரிங்க பேராசிரியரே. அடைப்புக்கு மூல காரணத்தை விட்டுட்டு எல்லாரும் உலோகம் பேசுறீங்க. காரணம் சிக்கரி. 60 பங்கு காபிக்கு 40 பங்கு சிக்கரி கலந்த பொடி வாங்கிப் போடுறது, அப்புறம் ஓட்டை அடைக்குதுன்னு அழுறது. சிக்கரி வேரை வறுக்கும்போது அதுல இருக்கிற சர்க்கரை கருகிப் பிசினாகுது. அதுதான் தட்டுல ஒட்டுது. சுத்தமான காபிப்பொடி போடுங்க, நெருப்பும் வேண்டாம் ஆசிட்டும் வேண்டாம்.

காவேரிக்கரை (பகல் 12.10)
சிக்கரி இல்லாத காபி காபியா? டிகாக்‌ஷனுக்குக் கனமும் நிறமும் அதுதான் கொடுக்குது. டிகிரி காபிங்கிற பேரே சிக்கரியிலேர்ந்து வந்ததுதான், சிக்கரி டிகிரி ஆச்சு.

ஈயச்சொம்பு (பகல் 12.16)
அபத்தம். பால்மானி வச்சுப் பாலோட டிகிரி பார்த்து, தண்ணி கலக்காத பால்ல போட்ட காபிக்குத்தான் அந்தப் பேர்.

கள்ளிச்சொட்டு (பகல் 12.19)
முதல் டிகாக்‌ஷன் முதல் டிகிரி. அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். பாலும் இல்லை வேரும் இல்லை.

காவேரிக்கரை (பகல் 12.25)
கும்பகோணத்துக்காரங்களுக்கு எல்லாமே அவங்க ஊர்லதான் பிறந்தது.

ஈயச்சொம்பு (பகல் 12.27)
பிறந்தது பிறந்ததுதானே, ஓய். தஞ்சாவூருக்குத் தலையாட்டி பொம்மை இருக்கே, போதாதா?

புதுக்குடித்தனம் (பகல் 1.05)
என் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்க. பில்டர்ல ராத்திரி ஊத்தின தண்ணி காலையில அப்படியே நிக்குது. தட்டை வெளிச்சத்துல பார்த்தா எல்லா ஓட்டையும் தெரியுது. அப்போ எது அடைச்சிருக்கு?

உப்புத்தண்ணி (பகல் 1.30)
தம்பி, முதல்ல மேல் பாத்திரத்தை லேசாத் தூக்கிப் பாருங்க. உடனே சொட்ட ஆரம்பிச்சா அடைப்பே இல்லை, காத்து. மேல் பாத்திரம் கீழ் பாத்திரத்துல இறுக்கமாப் பொருந்தி, கீழே இருக்கிற காத்து வெளியே போக வழி இல்லாம நிக்குது. காத்து போனாத்தான் டிகாக்‌ஷன் இறங்கும். வெந்நீர் ஊத்தினதும் ஒரு தடவை தூக்கி வச்சாப் போதும். அதுக்கும் அசையலைன்னா பொடி ரொம்ப நைஸ், இல்லேன்னா அமுக்கியைப் போட்டு அழுத்திட்டீங்க. அமுக்கி பொடி மேல படிஞ்சு உட்காரணும், அவ்வளவுதான், பலத்தைக் காட்டக் கூடாது. பாத்திரம் தேய்க்கிற பவுடரை பில்டர் தட்டுல போடாதீங்க, அதோட துகளும் ஓட்டையில தங்கும்.

இதுவே காவேரிக்கரை சார்கிட்ட கேட்டிருந்தா உங்க பில்டர் இந்நேரம் அடுப்புல இருந்திருக்கும்.

காவேரிக்கரை (பகல் 1.48)
அடைப்பு இருந்தாத்தான் சுடச் சொன்னேன். அடைப்பே இல்லாததுக்கு என்னை எதுக்கு இழுக்கிறீங்க?

வடிநீர் (மாலை 4.10)
எலக்ட்ரிக் டிரிப் மெஷின் வச்சிருக்கவங்களுக்கும் உப்புத்தண்ணி சொன்ன சோடா முறை சரி வருமா? தொட்டியில ஊத்தி ஓட்டலாமா?

உப்புத்தண்ணி (மாலை 4.35)
ஊத்தவே கூடாது! நல்ல வேளை கேட்டீங்க. அந்த மெஷின்கள்ல நிறைய மாடல்ல தண்ணி சுடுற குழாய் அலுமினியம். வாஷிங் சோடா அலுமினியத்தை அரிச்சிடும். தொட்டிக்கு அமிலம் மட்டும். ஒரு லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைச்சு ஊத்தி, பாதி இறங்கினதும் அணைச்சுடுங்க. அரை மணி கழிச்சு மீதியை ஓட்டுங்க. அப்புறம் வெறும் தண்ணியில ரெண்டு மூணு தடவை. இறங்கினதுல வெள்ளைச் செதில் வந்தா மறுபடி ஒரு சுற்று.

சூடு பண்ற குழாயில சுண்ணாம்பு தடிச்சாச்சுன்னா சூடு தண்ணிக்குப் போகாம குழாயிலேயே நிக்கும், உள்ளே இருக்கிற பியூஸ் போயிடும். அப்புறம் மெஷின் சும்மா ஷோகேஸ்ல வைக்கத்தான். தண்ணி சொட்டுச் சொட்டா இறங்க ஆரம்பிச்சாலோ, "கடமுட"ன்னு சத்தம் அதிகமானாலோ அதான் எச்சரிக்கை. கண்ணாடி ஜாடி, பொடிக்கூடை, வலை இதையெல்லாம் தனியாக் கழட்டிச் சோடாவுல ஊறப்போடலாம், அதுல எதுவும் அலுமினியம் இல்லைன்னா.

டபராசெட் (மாலை 4.50)
சிட்ரிக் ஆசிட்டைக் கொதிக்கவச்சே ஊத்தலாமே, சீக்கிரம் கரையும்.

உப்புத்தண்ணி (மாலை 4.58)
கொதிக்க வேண்டாம் மாமி. அதிகச் சூட்டில், சுண்ணாம்பும் ஆசிட்டும் சேர்ந்து உண்டாகிற கால்சியம் சிட்ரேட் கரையாம வெள்ளையாப் படிய ஆரம்பிக்கும். ஒரு படிவை எடுத்து இன்னொரு படிவை வைக்கிற கதை. வெதுவெதுப்புதான் சரி.

வடிநீர் (மாலை 5.15)
மெஷின் தானே தண்ணியைக் கொதிக்க வச்சுத்தானே இறக்குது? அப்போ அங்கேயும் படியும்தானே?

உப்புத்தண்ணி (மாலை 5.40)
அதனாலதான் பாதியில அணைக்கச் சொன்னேன். அந்த அரை மணிதான் வேலை செய்யுது.

காவேரிக்கரை (மாலை 5.52)
ஆக, உங்க ஆசிட்டும் சூட்டில் படியுதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. என் நெருப்புல எதுவும் படியாது.

உப்புத்தண்ணி (மாலை 6.03)
சுண்ணாம்பு அப்படியே இருக்கும். காலையில எழுதின முதல் பதிவுலயே இருக்கு. எரியாது, எரியாது, எரியாது. சிவந்த தட்டுல காஞ்ச சுண்ணாம்பு இன்னும் கெட்டியா உட்கார்ந்திருக்கும். அந்த வரியைத் திருத்துங்க. "சிவக்க"ங்கிற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்தாப் போதும்.

காவேரிக்கரை (மாலை 6.10)
எடுக்க முடியாது. சிவக்கணும்.

டபராசெட் (மாலை 6.14)
ஊக்கு நம்பர் எது நல்லதுன்னு யாராவது சொல்லுங்கோ, பெரிசா சின்னதா?

உப்புத்தண்ணி (மாலை 6.15)
மாமி!