ஒரிஜினல் 2என்3055 ட்ரான்சிஸ்டர் எங்கே கிடைக்கும்?

அண்ணன்மார்களே, ஒரு உதவி. அப்பா காலத்து ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். வலது சேனலில் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் இரண்டும் ஷார்ட். இரண்டுமே 2என்3055, டிஓ-3 எனும் உலோகத் தொப்பி வடிவம். சப்ளை ஒற்றை 56 வோல்ட், ஸ்பீக்கருக்கு முன்னால் பெரிய கெப்பாசிட்டர்.

ஊரில் ஒரு கடையில் வாங்கிப் போட்டேன். கரண்ட் மீறாமலிருக்க ஒரு பல்பைத் தொடராக (சீரிஸில்) இணைத்துப் பார்த்தபோது ஒழுங்காக இருந்தது. நேராக கரண்ட் கொடுத்துக் கொஞ்சம் சத்தம் கூட்டியதும் போயிற்று. தொப்பியை அறுத்துப் பார்த்தால் உள்ளே கடுகு மாதிரி ஒரு சில்லு. இது 115 வாட் தாங்குமாம்! போலிதான்.

பதிலுக்கு எம்ஜே15015 போடலாமா? 120 வோல்ட், 180 வாட் தாங்கும், கால்களும் அதே அமைப்பு. என் பயம் வேறு. அந்தக் காலத்து 2என்3055 மந்தமானது. இன்று வருவது வேறு முறையில் செய்த வேகமான சில்லு. பழைய சர்க்யூட்டில் அது ஆசிலேட் ஆகி, அதாவது தானாகவே அதிர்ந்து, சூடேறும் என்கிறார்கள். யாருக்காவது அப்படி ஆனதா? ட்ரான்சிஸ்டரின் பேஸ் காலில் சின்ன ரெசிஸ்டர் போட்டால் அடங்குமா?

டிரைவர்கள், எமிட்டர் ரெசிஸ்டர்கள், ட்ரான்சிஸ்டருக்கு அடியில் வைக்கும் மைக்கா தகடு எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு இல்லை. சென்னை ரிச்சி தெருவில் நம்பி வாங்க ஒரு கடை தெரிந்தால் சொல்லுங்கள். பழைய இன்வெர்ட்டரில் கழற்றியது இருந்தாலும் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். இப்போதைக்கு இடது பக்கம் மட்டும் பாடுகிறது.