டெட்ராய்ட் லயன்ஸ் மாறுனது கோச்சாலயா, பிளேயராலயா?

குளச்சல்காரன் கேட்டது:

வணக்கம் மக்களே. நான் நம்ம கடற்கரைப் பக்கம் ஒரு கிளப்புல சின்னப் பயக்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் குடுக்கேன், எல்லாம் 17 வயசுக்கு உள்ள உள்ளவனுவ. கொஞ்ச வருஷமா அமெரிக்கன் ஃபுட்பாலும் பாக்கேன், அங்கத்த பெரிய லீக்கான என்எஃப்எல் மேட்ச் ஞாயித்துக்கிழம ராத்திரி பத்தரை பதினொன்றரைக்குத் தொடங்கும், சாம்பியன் யாருன்னு முடிவு பண்ணுத ஃபைனல், சூப்பர் பவுல் மட்டும் திங்கக்கிழம வெளுப்பாங்கால அஞ்சு மணிக்கு.

எனக்க கேள்வி டெட்ராய்ட் லயன்ஸ் பத்தி. 1957க்குப் பொறவு ஒரு சாம்பியன் பட்டம் கூட இல்லாத டீம். 2021ல டேன் கேம்ப்பெல் தலைமைக் கோச்சா வந்தாரு, அந்த வருஷம் 3 ஜெயம், 13 தோல்வி, 1 டிரா. அடுத்த வருஷம் மொத ஏழு மேட்சுல ஒண்ணே ஒண்ணு தான் ஜெயிச்சாவ, ஆனா சீசன் முடியும்போ 9-8. 2023ல 12-5, பிளேஆஃப்ல ஒரு மேட்ச் ஜெயிக்க 32 வருஷம் ஆச்சு, அதுவும் அந்த வருஷம் நடந்துச்சு. 2024ல 15-2. இத பத்திப் பேசுத எல்லாரும் "கல்ச்சர் மாறிச்சு, கல்ச்சர் மாறிச்சு"ன்னு தான் சொல்லுதாவ. எனக்கு இதுல ஒரு சந்தேகம் உண்டு. ஜெயிச்சா கல்ச்சர் நல்லா இருக்குன்னு சொல்லுவாவ, தோத்தா அதே ஆளுவ கல்ச்சர் கெட்டுப்போச்சும்பாவ. அப்போ அது காரணமா, இல்ல ஜெயிச்சதுக்கு அப்புறம் ஒட்டுத பேரா? ஒரு கோச் வாரம் முழுக்க என்ன தான் செய்யாரு? இத ஏன் கேக்கேன்னா, எங்க கிளப்புல நல்லா ஆடுத பயக்க பிராக்டீசுக்கு அரை மணிக்கூர் லேட்டா வருவானுவ, ஆனா மேட்சுக்கு மொத பதினொண்ணுல அவனுவ தான் நிப்பானுவ, கமிட்டிக்காரங்க மாத்த விடமாட்டாவ. இத எப்படிச் சரி பண்ணுகதுன்னு யோசிச்சு யோசிச்சு தான் இங்க வந்து எழுதுகேன்.

வடசேரி_ஜெர்சி:

அண்ணே நல்ல கேள்வி. நான் நியூஜெர்சில சில வருஷம் வேலையில இருந்தேன், அங்க ஆபீஸ்ல திங்கக்கிழமைன்னா இதே பேச்சு தான்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், நம்ம ஃபுட்பால் மாதிரி ஓடிட்டே இருக்கிற ஆட்டம் இல்ல இது. நம்ம ஆட்டத்துல விசில் அடிச்சாச்சுன்னா 45 நிமிஷத்துக்கு கோச் லைனுக்கு வெளிய நின்னு கத்தலாம், அவ்வளவுதான். அங்க ஒவ்வொரு ப்ளேயும் (ஒரு தடவை பந்தை எடுத்து ஆடற நகர்வு) சில செகண்டுல முடிஞ்சு ஆட்டம் நிக்கும், அடுத்த ப்ளேக்கு 40 செகண்ட் டைம், ஒரு டீம் ஒரு மேட்சுக்கு அறுபதுக்கு மேல ப்ளே ஆடும், ஒவ்வொண்ணையும் கோச் செலக்ட் பண்ணி பந்தை எறியற ஆளான குவார்ட்டர்பேக்கோட ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிற ஸ்பீக்கர்ல சொல்லுவாரு, க்ளாக்ல 15 செகண்ட் வந்ததும் அந்த லைன் கட் ஆயிடும். பதினொரு பேர்ல ஒருத்தன் தப்பான பக்கம் ரெண்டு அடி எடுத்து வச்சாலே அந்த ப்ளே போச்சு. அதனால திங்கள்ல இருந்து சனி வரைக்கும் வீடியோ போட்டுப் பாக்கறது, எதிரி டீம் எந்த இடத்துல எந்த ப்ளே ஆடுவான்னு படிக்கறது, அதை அப்படியே ஆடிப் பாக்கறது, இதுதான் வேலை.

ரெண்டாவது விஷயம் பணம். 1994ல இருந்து அங்க சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2024ல ஒரு டீமுக்கு 25.54 கோடி டாலர், பணக்கார ஓனர்னாலும் அதுக்கு மேல கொட்ட முடியாது. காலேஜ்ல இருந்து வர்ற புதுப் பிளேயருங்களை டீமுங்க வரிசையா எடுக்கற டிராஃப்ட்ல, மோசமா தோத்த டீமுக்குத் தான் மொத சான்ஸ். இப்படி 32 டீமையும் லீக்கே சமமா இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கு, அப்புறமும் ஒரு டீம் இருபது வருஷம் ஜெயிக்குதுன்னா பணத்தைக் காரணம் சொல்ல முடியாதுல்ல.

உதாரணம் சொல்றேன். 2015 பிப்ரவரி சூப்பர் பவுல், நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 28-24 முன்னால இருக்காங்க, சியாட்டிலுக்கு கோல் லைன் ஒரே ஒரு கஜம் தூரம், அரை நிமிஷம் கூட பாக்கி இல்ல. மால்கம் பட்லர்னு ஒரு பையன், டிராஃப்ட்ல யாருமே எடுக்காதவன், குறுக்க பாய்ஞ்சு பந்தைப் பிடிச்சுட்டான், மேட்ச் முடிஞ்சுது. எல்லாரும் அதிர்ஷ்டம்னு நினைச்சாங்க, ஆனா அதே ப்ளேயை அந்த வாரம் பிராக்டீஸ்ல போட்டுப் பாத்திருக்காங்க, அன்னைக்கு பட்லர் லேட்டா போய் கோட்டை விட்டிருக்கான், கோச் பில் பெலிசிக் அவன்கிட்ட இதை நீ பிடிச்சே ஆகணும்னு சொல்லியிருக்காரு. கடைசி ரிசர்வ் பையனையும் உக்கார வச்சு சொல்லிக் குடுக்கற இடம் அது, கல்ச்சர்னு நான் நம்பறது இதைத்தான்.

தூத்தூர்_ஸ்டாப்பர்4:

ஜெர்சி அண்ணன் சொன்னது எல்லாம் செரி, ஆனா ஒரு பெரிய ஆள விட்டுட்டாரு. டாம் பிராடி, பேட்ரியாட்சுக்க குவார்ட்டர்பேக். 2019ல பேட்ரியாட்ஸ் 12-4. அடுத்த வருஷம் பிராடி தாம்பா பே டீமுக்குப் போனான், பேட்ரியாட்ஸ் 7-9 ஆச்சு, 2019ல 7-9 இருந்த தாம்பா 11-5 ஆயி அதே சீசன்ல சூப்பர் பவுல அடிச்சு தூக்கிச்சு. கோச் மாறல, கல்ச்சர் மாறல, ஒரு ஆளு மாறினான் அவ்வளவுதான். பெலிசிக் அதுக்கு முன்னால கிளீவ்லாண்ட்ல அஞ்சு வருஷம் இருந்தாரு, 36 ஜெயம் 44 தோல்வி, வேலைய விட்டு அனுப்பினாவ. அதே மூளை தானே அப்பவும் இருந்துச்சு?

லயன்சும் அப்படித்தான். பெனே சூவல், அமான்-ரா செயின்ட் பிரவுன், ஏய்டன் ஹட்சின்சன்னு வரிசையா நல்ல பயக்கள டிராஃப்ட்ல எடுத்தாவ, குவார்ட்டர்பேக்கா ஜாரெட் காஃப் இருக்கான். ஆளு இல்லாம கல்ச்சர் மட்டும் வச்சு என்ன செய்ய, கல்ச்சர் போய் பந்து எறியுமா. எங்க ஊருப் பக்கம் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை எல்லாம் எத்தன பயக்க சந்தோஷ் டிராபி வரைக்கும் போயிருக்காவ, அது கடப்புறத்து மணல்ல ஓடி ஓடி வந்த காலு, எந்த கோச்சும் குடுத்தது இல்ல. குளச்சல் அண்ணன் கேட்டதுக்கு எனக்க பதில், நல்ல பிளேயர் மொதல்ல, மத்தது பொறவு.

தக்கலை_பி.டி.மாஸ்டர்:

ரெண்டு பேரும் நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. நான் பள்ளிக்கூடத்துல விளையாட்டு ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன். நீங்க சொல்ற அதே பிராடியை 2000 டிராஃப்ட்ல 199வது ஆளாத்தான் எடுத்தாங்க, 198 பேர எடுக்கற வரைக்கும் எந்த டீமும் அவர வேணும்னு சொல்லல. அமான்-ரா 112வது. திறமை இருந்துச்சு, சந்தேகமே இல்ல, ஆனா அது வளர்றதுக்கு ஒரு இடம் வேணும், அத நாம மறந்துடக் கூடாது.

நான் சொல்ல வர்றது வேற. கோச்சுக்கு மேல இருக்கறவங்களப் பத்தி யாரும் பேசலியே. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ்ல 1969ல சக் நோல் வந்தாரு, முதல் மேட்ச் ஜெயிச்சாரு, அடுத்த 13ம் தோல்வி. அடுத்த வருஷம் 5-9, அதுக்கு அடுத்தது 6-8. வேற ஓனரா இருந்தா மூணாவது வருஷம் வரைக்கும் கூட வச்சிருக்க மாட்டாங்க. ரூனி குடும்பம் பொறுத்திருந்தாங்க, 1974 சீசன்ல இருந்து ஆறு வருஷத்துக்குள்ள நாலு சூப்பர் பவுல். நோல், பில் கவ்வர், மைக் டாம்லின்னு 1969ல இருந்து ஐம்பது வருஷத்துக்கு மேல மூணே மூணு தலைமைக் கோச்சுல அந்த டீம் ஓடிச்சு. சான் பிரான்சிஸ்கோவுல பில் வால்ஷும் 1979ல 2-14, அடுத்த வருஷம் 6-10, மூணாவது வருஷம் சாம்பியன். அவரு மைதானத்த மட்டும் பாக்கல, ஆபீஸ்ல போன் எடுக்கறவங்க எப்படிப் பேசணும்ங்கறது வரைக்கும் ஒரு தரம் வச்சாரு. கேம்ப்பெலுக்கும் இதுதான் நடந்தது, 1-5ல நிக்கும்போது லயன்ஸ் ஓனர் ஷீலா ஃபோர்டு ஹேம்ப் பிராக்டீசுக்கு நேர்ல வந்து பத்திரிகைக்காரங்க முன்னால நான் இவங்க பின்னால நிக்கேன்னு சொன்னாங்க. குளச்சல் தம்பி, உங்க கமிட்டி அந்த மாதிரி நிக்குமான்னு முதல்ல பாருங்க, நிக்கலைன்னா நீங்க என்ன ரூல் போட்டாலும் ரெண்டாவது வாரத்துல அதுக்கு மரியாதை இருக்காது.

தூத்தூர்_ஸ்டாப்பர்4:

மாஸ்டர் சார், பொறுமை மட்டும் போதும்னா கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் 2016ல 1-15 வந்த கோச்ச அடுத்த வருஷமும் வச்சிருந்தாவ. 2017ல 0-16. பொறுத்திருக்கவும் சரியான ஆளு வேணும்லா.

மார்த்தாண்டம்காரி:

எல்லாரும் ஜெயிச்ச டீம் பத்தியே பேசுறீங்க, கெட்ட கல்ச்சர் என்ன செய்யும்னு நானும் கொஞ்சம் சொல்றேன், நான் காலேஜ்ல வாலிபால் ஆடினவ, இது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம்.

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் 2009 சீசன்ல சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க. பிறகு தான் தெரிஞ்சுது, 2009ல இருந்து 2011 வரைக்கும் எதிரி பிளேயர அடிச்சு வெளிய அனுப்பினா காசுன்னு டிஃபென்ஸ் ஆளுங்க உள்ளுக்குள்ள ஒரு பணப்பெட்டி நடத்தியிருக்காங்க, டிஃபென்ஸ் கோச்சும் அதுல கூட்டு. தலைமைக் கோச் ஷான் பேட்டன 2012 சீசன் முழுக்க லீக் வெளிய உக்கார வச்சுது. அப்போ ஜெயிக்கற டீம்ல கல்ச்சர் நல்லாத்தான் இருக்கும்னு யாரும் சொல்ல முடியாது, குளச்சல் அண்ணாவோட சந்தேகத்துக்கு இது ஒரு பதில். இன்னொண்ணு 2013 மயாமி டால்ஃபின்ஸ். ஜோனதன் மார்ட்டின்ங்கற பிளேயர கூட ஆடுறவங்களே மாசக்கணக்கா கேலி பண்ணி, அவர் குடும்பத்தப் பத்தி அசிங்கமாப் பேசி, கடைசில அவர் டீம விட்டே போயிட்டார். விசாரணை அறிக்கை வந்தப்ப தான் லாக்கர் ரூம்ல என்ன நடந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சுது, தலைமைக் கோச்சுக்கே தெரியலன்னு அதுல இருந்துச்சு. எனக்கு இத வாசிச்சப்ப ரொம்ப கோவம் வந்துச்சு, ஒரு கோச் ப்ளே எல்லாம் மனப்பாடமா வச்சிருக்காரு, தன் பையன் ஒருத்தன் உள்ள உடைஞ்சு போறது தெரியலன்னா அந்த வேலைய அவர் பாதி தான் செஞ்சிருக்காரு. அண்ணா, உங்க பெரிய பசங்க சின்ன பசங்கள எப்படி நடத்துறாங்கன்னு நீங்க இல்லாத நேரம் யாராவது பாக்கறாங்களா? லேட்டா வர்றத விட அதத்தான் நான் மொதல்ல கேப்பேன்.

குளச்சல்காரன்:

அக்கா இது எனக்கு நல்லா உறைச்சுது. சின்னவனுவ தான் தண்ணி கேன் சுமக்குதானுவ, பந்து பெறக்குதானுவ, நான் வழக்கம்னு விட்டிருந்தேன், இனி எல்லாருக்கும் முறை வச்சு பண்ணப்போறேன். மாஸ்டர் சார் சொன்ன மாதிரி கமிட்டிக்காரங்கள்ட்டயும் நேரா பேசுகேன். ஆனா லேட்டா வரக்கூடிய நல்ல பயக்கள வெளிய உக்கார வச்சா அவனுவ அடுத்த ஊரு கிளப்புக்கு போயிருவானுவ, அந்தப் பயம் தான் எனக்கு. அங்க இத எப்படி சமாளிக்காவ?

வடசேரி_ஜெர்சி:

அண்ணே இதுக்குச் சரியான ஆள் டாம் காஃப்லின், நியூயார்க் ஜயண்ட்ஸ் கோச், 2004ல வந்தாரு. மீட்டிங்குக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்து உக்காந்திருக்கணும், சரியான நேரத்துக்கு வந்தா அது லேட்டு, ஃபைன். பெரிய பிளேயருங்களே கடுப்பாகி யூனியன் வரைக்கும் போனாங்க. 2006ல 8-8, அவரை அனுப்பிடுவாங்கன்னு பேச்சு. அடுத்த வருஷம் அவர் ரூலை எடுக்கல, தான் நடந்துக்கற விதத்தை மாத்தினாரு. பிளேயருங்கள்ல பத்துப் பேருக்குப் பக்கமா ஒரு குழு வச்சு அவங்ககிட்ட உக்காந்து பேச ஆரம்பிச்சாரு, டிரெய்னிங் கேம்ப் நடுவுல ஒரு நாள் பிராக்டீஸை விட்டுட்டு எல்லாரையும் பவுலிங் ஆடக் கூட்டிட்டுப் போனாரு. அந்த சீசன்ல தான் 18-0ன்னு வந்த பேட்ரியாட்ஸை சூப்பர் பவுல்ல 17-14 அடிச்சாங்க, பிறகு 2012 பிப்ரவரில இன்னொண்ணு.

அதனால நான் சொல்றது, அந்த லேட் பசங்கள்ல ரெண்டு பேரைக் கூப்பிட்டு ரூலை அவங்களையே எழுத வைங்க, எத்தனை நிமிஷம் லேட்டுன்னா மொத பாதி வெளியன்னு அவங்க வாயாலயே வரட்டும், சின்னப் பையன் லேட்டா வந்தாலும் அதே தண்டனை தான். பெலிசிக்கும் வீடியோ மீட்டிங்ல எல்லார் முன்னாலயும் பிராடியோட தப்பைத்தான் போட்டுக் காட்டுவாருன்னு அங்க ஆடின பலர் சொல்லியிருக்காங்க. ஸ்டாப்பர் தம்பி சொன்னது உண்மை, பிராடி இல்லாம அந்த கப் இல்ல. ஆனா அந்த பிராடியே எல்லார் முன்னாலயும் திட்டு வாங்கிட்டு உக்காந்திருந்தா டீம்ல உள்ள 53 பேர்ல கடைசி ஆள் எப்படி லேட்டா வருவான்?

லயன்ஸ் கேள்விக்கும் ஒண்ணு பாக்கி இருக்கு. 2022 சீசனோட கடைசி மேட்ச், கிரீன் பே ஊர்ல, குளிர்ல. அன்னைக்கே கொஞ்ச நேரம் முன்னாடி சியாட்டில் ஜெயிச்சதால லயன்சுக்கு பிளேஆஃப் வாய்ப்பு போயிடுச்சு, ஆடி ஒண்ணும் கிடைக்கப் போறதில்ல. கிரீன் பே டீமுக்கு ஜெயிச்சா பிளேஆஃப் உள்ள போகலாம். லயன்ஸ் 20-16 ஜெயிச்சாங்க. 12-5ம் 15-2ம் அப்ப இன்னும் வரல அண்ணே, கிடைச்சா பாருங்க அந்த மேட்சை, குறிப்பா நாலாவது குவார்ட்டர்.