கேம்பர் ஷெல் முன் கண்ணாடி: ஸ்லைடரா, உள்பக்கம் மடங்கி இறங்கும் வகையா?

வண்டி 2019 ஃபோர்டு எஃப்-150 பிக்கப், 6.5 அடி பெட் (பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி), கேபின் பின்கண்ணாடி ஸ்லைடர் (பக்கவாட்டில் நகர்த்தித் திறப்பது). ஊர் சிகாகோ. பெட்டை மேலே மூட, கேபின் உயரத்துக்கே ஃபைபர்கிளாஸ் ஷெல் ஆர்டர் செய்கிறேன். கேபினைப் பார்த்திருக்கும் அதன் முன் கண்ணாடி எந்த வகையென்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

பழைய ஷெல்லில் திறக்காத கண்ணாடி. கேபினுக்கும் அதற்கும் இடைவெளி ஒன்றரை அங்குலம்தான், கை நுழையாது. நீள அளவுகோலில் மைக்ரோஃபைபர் துணி சுற்றித் துடைத்தேன், நடுப்பகுதி எட்டவில்லை. பிரஷர் வாஷரும் அடித்துப் பார்த்தாயிற்று. ரோட்டு உப்பு கோடு கோடாகக் காய்ந்து நிற்கிறது, இரவில் பின்வண்டி வெளிச்சம் அதில் பட்டுக் கண் கூசுகிறது. அழுக்கு புகாமலிருக்க இடைவெளியில் காற்றடைக்கும் பூட் (இரண்டு கண்ணாடிக்கும் நடுவே சுற்றி அடைக்கும் வளையம்) வைத்தேன். கடுங்குளிரில் உள்ளே காற்று சுருங்கி, பூட் தளர்ந்து விலகிவிட்டது.

ஸ்லைடர் போட்டால் ஹீட்டர் காற்று பின்னால் நாய்க்குப் போகும். ஆனால் அதற்கும் பூட் வேண்டும், ஃபோம் பூட்தான் சரிவரும். ஷெல்லின் பின்கதவைத் திறந்து ஓட்டவும் கூடாது. புகையைக் கேபினுக்குள் இழுத்துவிடும்.

மடங்கி இறங்கும் வகையில் இரண்டு கண்ணாடியையும் பெட்டுக்குள் இருந்தே துடைக்கலாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பயமெல்லாம் கீல் இருக்கும் கீழ்விளிம்பு ரப்பர்மேல்தான்.

உப்பு போடும் ஊரில் மூன்று நான்கு குளிர்காலம் அதை ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: அந்தக் கீழ்விளிம்பு ஒழுகாமல் நிற்கிறதா?